எழுதாத மொய்

எனக்குப் பிறந்தநாள் கொடுத்தவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். விரல் நுனி காது மடலில் பட்டதும், "வயசு வந்துருச்சு" என்று பேனா மூடியைக் கழற்றினார். "எப்ப பொறந்துச்சு?" என்று அப்பத்தாவைக் கேட்டார். "கடலை புடுங்குற சமயம். செவலப் பசு கன்னு போட்ட மறு வாரம்" என்றாள் அப்பத்தா. அதை இங்கிலீஷ் தேதியாக மாற்ற அவர் மெனக்கெடவில்லை. ஜூன் 1 என்று எழுதினார். எனக்கு முன்னால் நின்ற பையனுக்கும் ஜூன் 1. எனக்குப் பின்னால் நின்றவளுக்கு மட்டும் ஏனோ மே 25. ஒரே தேதியை எழுதி எழுதி அவருக்கே அலுத்திருக்கும். பள்ளிக்கூடம் திறக்காத நாளாகப் பார்த்துப் பிறந்ததால் எங்கள் யாருக்கும் மிட்டாய்ச் செலவு இல்லை.

இத்தனைக்கும் அது 1974. அந்த வருஷம் ஜனவரி 14-ஆம் தேதிதான் திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பிரித்து புதுக்கோட்டை மாவட்டத்தை உண்டாக்கியிருந்தார்கள். மாவட்டத்துக்கு அரசாங்கமே எழுதிக்கொடுத்த பிறந்த தேதி உண்டு. அதில் குடியிருந்த எங்களுக்குத்தான் இல்லை.

எங்களுக்குத் தெரிந்த பிறந்தநாள்கள் காந்தியுடையதும் நேருவுடையதும்தான். நேரு பிறந்தநாளுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய். மனிதர் செத்துப் பத்து வருஷம் ஆகியும் கொடுப்பதை நிறுத்தவில்லை என்று அவர்மேல் எனக்குத் தனி மதிப்பு இருந்தது.

உயிரோடு இருக்கிற ஒருவருக்குப் பிறந்தநாள் வந்ததை நான் முதலில் பார்த்தது மூன்றாம் வகுப்பில். ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த ஓர் அதிகாரியின் மகன் எங்களோடு படித்தான். ஒருநாள் பூப்போட்ட சட்டை, மடிப்புக் கலையாத டவுசர், நெற்றியில் விபூதி, கையில் ஒரு தகர டப்பா என்று வந்து நின்றான். டப்பா நிறைய ஜிகினாத் தாள் சுற்றிய சாக்லேட். வாத்தியார் மேஜையில் இரண்டு வைத்தான். அப்புறம் முதல் வரிசையிலிருந்து ஒவ்வொருவராக நீட்டிக்கொண்டே வந்தான்.

முதல் பிள்ளை "வேணாம்" என்றது. அடுத்ததும் "வேணாம்". நானும் அதையே சொன்னேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த முறை அது. வேணாம் என்றால், கொடுக்கிறவர் "அட, சும்மா வாங்கிக்க" என்பார். மறுபடி வேணாம் என்போம். அவர் கையைப் பிடித்துத் திணிப்பார். வேறு வழியில்லாமல் வாங்கினதுபோல வாங்கிக்கொள்வோம். இதெல்லாம் அந்தப் பையனுக்குத் தெரியாது, பட்டணத்துப் பிள்ளை. வேணாம் என்றால் சரி என்று அடுத்த ஆளிடம் போய்விட்டான். மரியாதை தெரிந்த மூன்று வரிசைக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. நான்காவது வரிசையில் ஊரிலேயே பேர்போன சேட்டைக்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் நீட்டி அள்ளினான். அவனைப் பார்த்துப் பின்வரிசைகள் பிழைத்தன. எங்கள் பங்கு டப்பாவோடு வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று. "இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இனிப்பே பிடிக்காதாம்" என்று அவன் அம்மா ஆச்சரியப்பட்டதாக அப்புறம் கேள்விப்பட்டோம்.

அந்த முறையை எங்களுக்குள் ஏற்றியவள் அப்பத்தா. யாராவது எதையாவது நீட்டினால் முதலில் அம்மாவின் கண்ணைப் பார்க்க வேண்டும். கண் சம்மதம் சொன்னாலும் உடனே நீட்டக்கூடாது. இரண்டு தடவை மறுக்க வேண்டும். மூன்றாம் தடவை வலது கையால் வாங்க வேண்டும், இடது கை வலது முழங்கையைத் தொட்டிருக்க வேண்டும். என்ன பொருள் என்று அங்கேயே பிரித்துப் பார்க்கிறவள் பறக்காவெட்டி. தின்பண்டமாக இருந்தாலும் அங்கேயே தின்னக்கூடாது. வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்து, யார் கொடுத்தார்கள், என்ன சொல்லிக் கொடுத்தார்கள், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒப்பிக்க வேண்டும். காவல் நிலையத்தில்கூட இவ்வளவு விவரம் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த விவரம் முக்கியம். கொடுத்தவர் வீட்டில் அடுத்த விசேஷத்துக்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

இதே நாடகத்தின் பெரியவர்கள் பதிப்பு பஸ் ஸ்டாப்பில் நடக்கும். விருந்துக்குப் போன வீட்டு அயித்தை வழியனுப்ப வருவாள். ஆலங்குடி பஸ் தூரத்தில் தெரிந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்த ஐந்து ரூபாய்த் தாளை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடுவாள். "மிட்டாய் வாங்கித் தின்னு, ஆத்தா." அம்மா என் விரல்களைப் பிரிப்பாள். அயித்தை மூடுவாள். "எதுக்கு மயினி இதெல்லாம்?" "புள்ளைக்குத்தானே குடுக்கிறேன், ஒனக்கா குடுத்தேன்?" கண்டக்டர் விசில் ஊதுவார். இரண்டு பெண்களுக்கு நடுவில் என் கை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருக்கும். பஸ் நகர்ந்ததும் அம்மா அந்தத் தாளை வாங்கி, "பத்திரமா வச்சுத் தர்றேன்" என்பாள். இப்போது அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. இன்னும் பத்திரமாகத்தான் இருக்கிறது.

திருப்பித் தர வேண்டாத பரிசு என்று அப்பத்தா ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்றைத்தான்: ராஜா கொடுத்தது. சமஸ்தானக் காலத்தில் நவராத்திரி வந்தால் புதுக்கோட்டையில் அரிசியோடு அம்மன் காசும் தானமாகக் கொடுப்பார்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று எழுதிய பொடிச் செப்புக் காசு. இருபது சேர்ந்தால் ஒரு அணா. 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. காசு செல்லாமல் போனது. அப்பத்தாவின் சுருக்குப்பையில் மட்டும் அது செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. "மகாராசா வீட்டு விசேசத்துக்கு நம்மளா மொய் எழுத முடியும்?" என்பாள்.

மற்றவர்கள் வீட்டு விசேஷத்துக்கு எழுத வேண்டும். எங்களுக்குப் பிறந்தநாள் இல்லாவிட்டாலும் பரிசு குவிகிற நாள் ஒன்று உண்டு. அதுதான் காதுகுத்து. குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, வாயில் வாழைப்பழத்தைத் திணித்து, அழுகிற நேரம் பார்த்து ஆசாரி குத்திவிடுவார். மாமன் மேளதாளத்தோடு சீர் கொண்டுவருவார். தட்டுத் தட்டாகப் பழம், துணி, தோடு, கூடவே கழுத்தில் மாலை போட்ட ஓர் ஆட்டுக்கிடாய். சீர்த்தட்டுகளை எண்ணுகிறவர்கள் பிள்ளையைப் பார்க்க மாட்டார்கள். பிள்ளைக்கோ காது எரியும், பார்க்கிற நிலைமையில் அது இருக்காது. பரிசு வாங்குகிற ஒழுக்கத்தைப் படிக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. வலி முதலில், பரிசு அப்புறம், பிரித்துப் பார்ப்பது பெரியவர்கள் வேலை.

வந்ததில் பாதி எவர்சில்வர். புதுக்கோட்டை கீழராஜவீதியில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டித் தருவது இலவசம். கடை வாசலோரம் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒயர் தொங்கும் பேனாவைப் போன்ற மிஷினால் 'கிர்ர்' என்று தூக்குவாளியின் வயிற்றில் எழுதுவார். துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்ததைப் பார்த்துத்தான் வெட்டுவார் என்றாலும் நாங்கள் எதிரே நின்று எழுத்துக்கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். துணைக்கால் ஒன்று கூடிவிட்டால் அழிக்க முடியாது. என் அடுக்களையில் இன்றைக்கும் ஒரு தூக்குவாளி இருக்கிறது. 'காதணி விழா', அதன் கீழே தேதி, அதன் கீழே அயித்தை வீட்டு மாமாவின் பேர். அயித்தையின் பேர் இல்லை. வாங்கியது அவள் பால் ஊற்றிச் சேர்த்த காசில்.

பேர் வெட்டுவது விளம்பரம் என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அது திருட்டுத் தடுப்பு ஏற்பாடாகத்தான் படுகிறது. பேர் வெட்டின பாத்திரத்தை இன்னொரு வீட்டு விசேஷத்துக்குத் தள்ளிவிட முடியாது. வந்த பரிசு வந்த வீட்டிலேயே கிடந்து கருக வேண்டும், அதில் தினம் பால் காய வேண்டும், காயும்போதெல்லாம் கொடுத்தவர் ஞாபகம் வர வேண்டும்.

பாத்திரம் தராதவர்கள் மொய் எழுதினார்கள். பந்தலில் ஒரு மேஜை, அதன்மேல் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய நோட்டு, ஒரு பித்தளைச் சொம்பு. கையெழுத்து நன்றாக இருக்கிற ஒருவர் எழுதுவார், காசில் கை சுத்தமான ஒருவர் எண்ணுவார். பிள்ளையார் சுழி, முதல் வரியில் தாய்மாமன், அப்புறம் ஊர் வாரியாக. ஒரே பேரில் நாலு பேர் இருப்பார்கள் என்பதால் அப்பன் பேர், அதுவும் போதாவிட்டால் பட்டப்பேர். 11, 51, 101. மைக்கில் வாசிப்பார்கள். குறைத்து எழுதினவர் சத்தம் கூடின நேரமாகப் பார்த்துப் போவார்; மைக்செட்காரர் சரியாக அப்போதுதான் பாட்டை நிறுத்துவார்.

மறுநாள் அப்பா அந்த நோட்டை வைத்துக்கொண்டு உட்காருவார். பழைய நோட்டை எடுத்து ஒத்துப் பார்ப்பார். நாம் செய்ததற்குத் திருப்பிச் செய்தது பழைய நடை, புதிதாக வந்து சேர்ந்தது புது நடை. நாம் 21 செய்த இடத்தில் 31 வந்திருந்தால், அந்தக் கூடுதல் பத்து ரூபாய் இனி நம் தலையில். அதற்கு மேலே ஒரு பத்தைப் போட்டு அடுத்த விசேஷத்தில் இறக்கி வைக்கும்வரை தூக்கம் வராது. காது குத்தப்பட்டது எனக்கு, கடன்பட்டது அப்பா. தாத்தா வாங்கின மொய்யை அப்பா கட்டினார், அப்பா வாங்கினதை என் தம்பி கட்டுகிறான். மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1925-இல், பரிசு என்பதில் கொடுப்பது, வாங்குவது, திருப்பிக் கொடுப்பது என்று மூன்று கடமைகள் இருக்கின்றன என உலகத்தின் பல மூலைகளையும் ஆராய்ந்து எழுதினாராம். பாரிஸிலிருந்து நேராக ஆலங்குடிக்கு ஒரு டிக்கெட் எடுத்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

இந்த ஏற்பாட்டுக்குக் கல்யாணமும் காதுகுத்தும் சாக்குத்தானே, சாக்கை எடுத்துவிட்டால் என்ன என்று எங்கள் பக்கத்துக்காரர்கள் யோசித்ததில் பிறந்தது மொய் விருந்து. தமிழ்நாட்டுக்கு மொய் விருந்து என்றால் 1992-இல் வந்த 'சின்ன கவுண்டர்' படம் ஞாபகம் வரும். எங்களுக்கு ஆடி மாசம் ஞாபகம் வரும். ஆடி பிறந்தால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், நெடுவாசல் என்று தொடங்கி எல்லை தாண்டிப் பேராவூரணி வரைக்கும் பந்தல்தான். மாப்பிள்ளை கிடையாது, பொண்ணு கிடையாது, குத்துவதற்குக் காதும் கிடையாது. பல பேர் சேர்ந்து ஒரே பத்திரிகை அடித்து, பந்தல் செலவையும் கறிச் செலவையும் பங்கு போட்டுக்கொள்வார்கள். சாப்பிட்டுவிட்டு அவரவர் மேஜையில் அவரவர் ஆட்கள் மொய் எழுதுவார்கள். ஒருவர் ஒருமுறை வைத்தால் அடுத்தது ஐந்து வருஷம் கழித்து. நடுவில் வாங்கினவர்களுக்கெல்லாம் திருப்பிச் செய்துகொண்டே வர வேண்டும். இந்தப் பணத்தில்தான் போர் போட்டார்கள், தென்னை வைத்தார்கள், கடை வைத்தார்கள், பிள்ளைகளை இன்ஜினியரிங் சேர்த்தார்கள். வட்டி கிடையாது. ஜாமீன் கையெழுத்து கிடையாது. கறிச்சோறு உண்டு.

2019-இல் வடகாட்டில் ஒரு விவசாயியின் விருந்தில் நான்கு கோடி ரூபாய் சேர்ந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. 2022 ஆகஸ்டில், ஹைட்ரோகார்பன் போராட்டத்தால் ஊர் பேர் நாடு முழுக்கத் தெரிந்த அதே நெடுவாசலில், பேராவூரணி சட்டமன்ற உறுப்பினர் பேரப்பிள்ளைகளின் காதணி விழாவை ஒட்டி வைத்த விருந்தில் பத்துக் கோடியைத் தாண்டியதாகச் செய்தி வந்தது. சொம்பு போய் நோட்டு எண்ணும் மிஷின் வந்துவிட்டது. நோட்டுப் புத்தகம் போய் லேப்டாப். சில பந்தல்களில் துப்பாக்கியோடு காவலாளி. பேரப்பிள்ளைகளுக்குப் பரிசு என்றால் இப்படியும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது ஒரு பொம்மை கொடுத்தார்களா என்று எந்தச் செய்தியிலும் இல்லை.

இனி என் பேரன் கதை. அவனுக்குப் பிறந்த தேதி மட்டுமல்ல, மணி, நிமிடம், எடை எல்லாம் தெரியும். யாருக்கும் அவன் கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. முதல் பிறந்தநாளுக்கு எங்கள் தெருமுனையில் பிளெக்ஸ் வைத்தார்கள். நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட பேரன், ஓரத்தில் தபால்தலை அளவில் நாங்கள். தொப்புள்கொடி விழுந்த பிறகு அவன் சாதித்தது என்று சொல்ல அப்போது பெரிதாக ஒன்றும் இல்லை; 'எதிர்காலமே' என்று போட்டிருந்தார்கள்.

போன வருஷப் பிறந்தநாள் புதுக்கோட்டையில் ஒரு பார்ட்டி ஹாலில். ஏசி, பலூன் வளைவு, மேஜிக் காட்டுகிறவர் ஒருவர், கறுப்பாக ஒரு கேக். வருகிறவர்களை வரவேற்க வாசலில் பேரன். என் மகள் காரில் வரும்போதே ஒத்திகை நடத்தினாள். "எல்லாருக்கும் தேங்க் யூ சொல்லணும். கிஃப்டை அங்கயே பிரிக்கக்கூடாது. என்ன குடுத்தாலும் சந்தோசமா வாங்கணும். 'இது என்கிட்ட இருக்கு'ன்னு சொல்லக்கூடாது. 'இவ்வளவுதானா'ன்னு கேக்கவே கூடாது." கடைசி விதிக்கு அதற்கு முந்தின வருஷத்தில் ஒரு வரலாறு உண்டு.

அப்பத்தாவின் சட்டப் புத்தகத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று நான் பின்சீட்டில் உட்கார்ந்து பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். வேணாம் என்று சொல்வது மட்டும் பாடத்திட்டத்திலிருந்து போய்விட்டது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. மூன்று வரிசைப் பிள்ளைகளின் சாக்லேட்டை அது விழுங்கியிருக்கிறது.

பேரன் எல்லா விதியையும் காப்பாற்றினான். முதலில் வந்த அம்மாள் ஒரு பெட்டியை நீட்டினாள். வண்ணத் தாள் மெல்லியது, உள்ளே இருக்கிற கார்ப் படம் தெரிந்தது. அவன் இரண்டு கையாலும் வாங்கினான். "தேங்க் யூ ஆன்ட்டி" என்றான். நிமிர்ந்து பார்த்து, "இது என்கிட்ட இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன் ஆன்ட்டி" என்றான். அந்த அம்மாள் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

அந்தப் பக்கம் இன்னொரு மேஜை. மொய் மேஜை இருக்க வேண்டிய இடம். அதில் ஒரே அளவில், ஒரே கலரில், வரிசையாகப் பைகள். ரிட்டர்ன் கிஃப்ட். உள்ளே ஒரு பென்சில் பாக்ஸ், ஒரு உண்டியல், மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒரு ரப்பர் வாத்து. ஆளுக்கு நூறு ரூபாய்க்குள் என்று மொத்தக் கடையில் பேரம் பேசி வாங்கியது. வந்திருந்த பிள்ளைகளில் விவரமான ஒன்று, கேக் வெட்டுவதற்கு முன்னாலேயே அந்த மேஜையைச் சுற்றி வந்து ஒரு பையை முகர்ந்து பார்த்தது. சாப்பாடு முடிந்து போகிறபோது ஒவ்வொரு பிள்ளையும் பேரன் முன்னால் நின்றது. அவன் பையைக் கொடுத்தான். அதுகள் தேங்க் யூ சொல்லின. அவனும் பழக்க தோஷத்தில் தேங்க் யூ சொன்னான்.

எனக்குப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. மொய்யில் வாங்கின கடன் ஐந்து வருஷம் ஓடும். அந்த ஐந்து வருஷமும் கொடுத்தவர் வீட்டுச் சாவுக்குப் போக வேண்டும், வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்த வேண்டும், சண்டை வந்தாலும் அளவோடு போட வேண்டும். நோட்டில் பேர் இருக்கிறதே! பர்த்டேயில் அந்தத் தொல்லை கிடையாது. வாங்கினதற்கு வாசலிலேயே பைசல். நீ கொடுத்தாய், நான் கொடுத்தேன், போய் வா. பந்தல் பிரிக்கும்போது யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. மொய் நோட்டைப் பார்த்து 'இதென்ன கணக்குப் பார்க்கிற பழக்கம்' என்று முகம் சுளித்த என் மகள் தலைமுறை, கணக்கை ஒழிக்கவில்லை, கையோடு முடித்துவிடுகிறது.

முடித்துவிடுகிறது என்று நானாகச் சொல்லிக்கொண்டதுதான். மறுநாள் காலையில் பெட்டிகளைப் பிரிக்கும்போது மகள் போனை எடுத்துவைத்துக்கொண்டாள். பேரன் தாளைக் கிழிக்க, அவள் ஒவ்வொன்றாகப் பதிந்தாள். யார், என்ன பொருள், தோராயமாக என்ன விலை. விலைச் சீட்டு உரியாமல் இருந்தவற்றுக்குத் தோராயம் தேவைப்படவில்லை.

"இது எதுக்கும்மா?" என்றேன், தெரியாதவள்போல.

"அவங்க பொண்ணு பர்த்டேக்கு நாம ஈக்வலா செய்யணும்லம்மா. கம்மியாப் போனா நல்லா இருக்காது."

"கூடப் பத்து ரூவா போடுவியா?"

"ஏன்?"

நான் பதில் சொல்லவில்லை. இரட்டையாக வந்த கார்களும் மூன்றாவதாக வந்த செஸ் போர்டும் பிரிக்காமலே அலமாரிக்குப் போயின. அவை கூடிய சீக்கிரம் வேறு வீட்டுக்குப் பயணப்படும். அந்த அலமாரியிலிருந்து போன ஒரு புதிர்ப் பெட்டி ஊரெல்லாம் சுற்றி, தாளுக்கு உள்ளே பழைய வாழ்த்துச் சீட்டோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்ததும் நடந்திருக்கிறது. கீழராஜவீதி மிஷின்காரர் பிளாஸ்டிக்கிலும் வெட்டுவாரா என்று விசாரிக்க வேண்டும்.

மொய்யைத் தலையில் தூக்கிவைத்து ஆட எனக்கு மனசில்லை. திருப்பிச் செய்வதற்காகத் தோட்டை அடகு வைத்த வீடுகளை எனக்குத் தெரியும். வட்டியில்லாத மொய்யைக் கட்ட வட்டிக்குக் கடன் வாங்குவார்கள். ஆடியும் ஆவணியும் பத்திரிகை வந்து குவியும்போது அப்பாவின் முகம் எப்படிச் சுண்டும் என்று பார்த்து வளர்ந்தவள் நான். நோட்டு நிறைய ஆம்பிளைப் பேர்கள். வீட்டில் ஆம்பிளை போய்விட்டால் பத்து வயதுப் பையன் பேரில் ஏறும், அவனைப் பெற்றவள் பேரில் ஏறாது. மைக்கில் வாசிப்பதைக் கேட்டுக் கூனிக் குறுகிப் போனவர்களும் இருக்கிறார்கள்.

ஆனாலும் 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிகாலையில் கஜா புயல் அடித்துவிட்டுப் போனபோது, எங்கள் பக்கம் தென்னை, பலா, வாழை எதுவும் நிற்கவில்லை. இருபது முப்பது வருஷத்துத் தென்னைகள் தோப்போடு படுத்துக் கிடந்தன. அடுத்த ஆடியில் மொய் வாங்க வேண்டியவர்களும் கொடுக்க வேண்டியவர்களும் வீழ்ந்த ஒரே தோப்பில் நின்றார்கள். பெரியப்பா மகன் ஒருவனுக்கு அந்த வருஷம் விருந்து வைக்க வேண்டிய முறை. வந்தவர் ஒருவர் செய்ய வேண்டியதில் பாதியைத்தான் கொண்டுவந்தார். மேஜைக்கு முன்னால் நின்று, "பாதிய வரவு வையி. மீதி நிக்கட்டும், நான் எங்கயும் ஓடிப்போயிர மாட்டேன்" என்றார். "நிக்கட்டும் மாமா, முதல்ல சாப்புடுங்க" என்றான் இவன். கடன் முடியாமல் நின்றது. அதனால் உறவும் நின்றது. பென்சில் பாக்ஸ் கொடுத்துப் பைசல் பண்ணிக்கொண்ட எந்த வீட்டுக்காரர் எங்கள் பேரனுக்கு டெங்கு வந்தபோது எட்டிப் பார்த்தார் என்று மகளிடம் கேட்க நினைத்தேன். வாட்ஸ்அப்பில் எல்லாரும் கைகூப்பியிருந்தார்கள் என்பாள், அதுவும் உண்மைதான்.

2021 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையிலேயே கூகுள் பே, போன்பே குறியீட்டை அச்சடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது டவுன்காரர்கள் சிரித்தார்கள். எங்கள் ஊரில் யாரும் சிரிக்கவில்லை. "பத்தாயிரத்துக்குச் சில்லறை எண்ற வேலை மிச்சம்" என்றார்கள்.

இந்த ஆடியில் தம்பியின் முறை. பேரனையும் கூட்டிக்கொண்டு போனேன். கறிக்குழம்பு அவனுக்குக் காரம். எலும்பை மட்டும் ரசித்து உறிஞ்சினான். நோட்டு எண்ணும் மிஷின் படபடவென்று ஓடுவதைப் பார்த்ததும் மேஜிக் காட்டுகிறவரையே மறந்துவிட்டான். பிறந்தநாளுக்கு வந்த காசிலிருந்து தானும் எழுத வேண்டும் என்று அடம்பிடித்தான். நூறு ரூபாய்த் தாளையும் ஒரு ரூபாய்க் காசையும் கையில் கொடுத்து மேஜைக்கு அனுப்பினேன். லேப்டாப்புக்குப் பின்னால் இருந்தவர் வாங்கி வைத்துக்கொண்டு, "பழசா, புதுசா?" என்றார்.

"புதுசு" என்றேன் பின்னாலிருந்து.

பேரன் நகரவில்லை. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தான். பக்கத்து மேஜையையும் பார்த்தான்.

"என்ன தம்பி தேடுற?"

"ரிட்டர்ன் கிஃப்ட் எங்க?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "அஞ்சு வருசம் போகட்டும். நீ ஒரு விசேசம் வையி, மாமா வந்து செய்வாரு. நூத்தி ஒண்ணுக்கு மேலயே செய்வாரு."

"அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு" என்றான் பேரன்.

"அதனால என்ன? பேரைச் சொல்லு, ஏத்திருவோம். இனிஷியல்?"

"எம்.கே. எம் அம்மா, கே அப்பா. ரெண்டும் போடணும்."

அவர் எதையோ தட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார். கண்ணாடியை மூக்கிலிருந்து கழற்றி, பக்கத்தில் பணம் எண்ணிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, இதுல ஒரு எழுத்துக்குத்தான் கட்டம் இருக்கு. அம்மா எழுத்து எங்க போடுறது?"